பரிசல்காரர் மகனும் டக் படகும்: 12 வருட அனுபவம்

டக்கில் வேலை பார்த்தேன் என்று பென்னாகரத்தில் சொன்னால் “மீன் பிடிக்கிறதா?” என்பார்கள். மீனில்லை. துறைமுகத்துக்குள் வரும் பெரிய கப்பலை இழுத்தும் தள்ளியும் கரையில் அணைக்கிற இழுவைப் படகு. முதல் நாலு வருடம் பழைய வகை, அப்புறம் எட்டு வருடம் புதுசு. இரண்டிலும் எனக்கு டெக் வேலை, அதாவது கயிறு.

பழையதில் ப்ரொப்பெல்லர் நேராகத்தான் தள்ளும், திருப்புவதற்குச் சுக்கான். கயிறு மாட்டும் கொக்கி படகின் நடுப்பக்கம் இருக்கும். கப்பல் கொஞ்சம் வேகமெடுத்து, கயிறு குறுக்கே இழுத்துவிட்டால் டக் சாய்ந்து கவிழ்ந்துவிடும். கொக்கியைச் சட்டென்று விடுவிக்க ஒரு ஏற்பாடு உண்டு. அதன் பக்கத்திலேயே நின்று பழகிய கால் இன்னும் என்னிடம் இருக்கிறது.

புதியதற்கு ஏ.எஸ்.டி. (அசிமத் ஸ்டெர்ன் டிரைவ்) டக் என்று பெயர். பின்பக்க அடியில் இரண்டு ப்ரொப்பெல்லர், ஒவ்வொன்றும் 360 டிகிரி சுற்றும். சுக்கானே இல்லை. நின்ற இடத்தில் சுழலும், பக்கவாட்டில் நகரும், பின்னோக்கியும் நன்றாகவே ஓடும். முதல் தடவை பார்த்ததும் எனக்கு ஒகேனக்கல் பரிசல்தான் ஞாபகம் வந்தது. அப்பா பரிசல் ஓட்டியவர். பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் ஏது? துடுப்பு தண்ணீரை எப்படித் தள்ளுகிறதோ அப்படிப் போகும். போனில் சொன்னேன். “நாங்க ஒத்தத் துடுப்புல பண்றதுக்கு உங்களுக்கு ரெண்டு இன்ஜினா?” என்றார்.

எங்களுடையது 50 டன் இழுவை. கரையிலுள்ள இரும்புத் தறியில் கயிற்றைக் கட்டி, முழு வேகத்தில் இழுக்கவிட்டு அளக்கிற கணக்கு அது. நடைமுறையில் முழு பலம் எப்போதாவதுதான் வேண்டும். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் வாக்கி டாக்கியில் “மெதுவா தள்ளு”, “நிறுத்து” என்பதே அதிகம். கப்பல் ஒரு முறை நகர ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவதுதான் பெரும்பாடு.

கயிறு விஷயத்தில் புதுசுக்கு என் முழு ஓட்டு. எஃகுக் கயிறு கையைக் கிழிக்கும், முதுகை ஒடிக்கும். இப்போதைய செயற்கை இழைக் கயிறு தண்ணீரில் மிதக்கும். ஆனால் உரசலும் சூடும் ஆகாது, தினமும் தடவிப் பார்க்க வேண்டும். நுனியில் சேர்க்கிற நைலான் துண்டு இழுபட இழுபட நீளும். அறுந்தால் சாட்டைதான். ஒரு துறைமுகத்தில், தேய்ந்ததை மாற்றச் சொல்லி நாங்கள் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் மாற்றவில்லை. மூன்றாம் வாரம் அறுந்தது. நான் நின்றிருக்க வேண்டிய இடத்துக் கம்பி வளைந்து கிடந்தது. தேநீர் குடிக்கப் போயிருந்தேன்.

புதுசின் குறைகள்: அறுந்த மீன்வலை ப்ரொப்பெல்லரில் சுற்றினால் எண்ணெய் வெளியேறாமல் அடைக்கிற சீல் போய்க் கசியும், படகை மேலே ஏற்றியாக வேண்டும். துறைமுக வாய்க்கு வெளியே அலையில் ஆட்டம் அதிகம். தூங்கும் அறை இன்ஜினுக்குப் பக்கத்திலேயே. எனக்கு இடது காது பாதிதான் கேட்கிறது. ஊரிலிருந்து வேலைக்குப் போகிற பையன்கள், நல்ல காதுமூடியைச் சொந்தக் காசிலாவது வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.