மதகுக்குக் கீழே என்ன இருக்கிறது: ஆர்க்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ் இரண்டோடும் பன்னிரண்டு ஆண்டுகள்

ஒரு மதகைச் சொடுக்கினால் அதற்குக் கீழே பாயும் வாய்க்கால்கள் அத்தனையும் சிவப்பாகத் தெரிய வேண்டும். ஜிஐஎஸ் எனும் வரைபடத் தகவல் மென்பொருளிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். என் வேலை காவிரி டெல்டாவின் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் வாய்க்கால், வடிகால், மதகு வரைபடம் தயாரிப்பது. எனவே இந்த அனுபவமும் அந்த வேலைக்குள் நின்றுதான் பேசும்.

2013இல் தஞ்சாவூரில் ஒரு சிறிய சர்வே நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே கட்டண மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பகுதியாகிய ஆர்க்மேப் 10.1 இருந்தது. அதன் ஜியோமெட்ரிக் நெட்வொர்க் என்ற வசதி நான் கேட்டதை அப்படியே செய்தது. தலைப்பு மதகைக் குறித்துவிட்டு 'கீழ்நோக்கித் தேடு' என்றால் கடைமடை வரை காட்டும். முதல் முறை பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் வணிக மென்பொருளை நான் இன்றும் முன்னால் வைப்பேன். ஆனால் அந்த நெட்வொர்க்கை உருவாக்க அடிப்படை உரிமம் போதவில்லை, அதற்கு மேல்நிலை உரிமம் வேண்டியிருந்தது. புல எல்லையிலிருந்து வாய்க்கால் புறம்போக்கைக் கழிக்கும் 'எரேஸ்' கருவிக்கோ ஆக உயர்ந்த நிலையே வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் அத்தகைய உரிமம் ஒரே கணினியில்தான் இருந்தது, அதற்கு வரிசையில் காத்திருப்போம். இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் 'டிஃபரன்ஸ்' என்ற பெயரில் அதே வேலை யாருக்கும் நடக்கிறது.

டெல்டாவில் அந்த நெட்வொர்க்குக்கும் ஒரு இடத்தில் மூச்சு முட்டியது. நம் வாய்க்கால்கள் மரக்கிளை போலப் பிரிந்துகொண்டே மட்டும் போவதில்லை. பிரிந்தது சுற்றிவந்து மறுபடி சேரும். மேல் ஊரில் வடிகாலாக ஓடுவது கீழ் ஊரில் பாசன வாய்க்காலாகும். இப்படி வளையம் விழும் இடங்களில் ஓட்டத் திசையைத் தீர்மானிக்க முடியவில்லை என்று மென்பொருள் சொல்லிவிடும். திசையை நாம்தான் நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். தலைஞாயிறு பக்கம் ஒரு பெரியவரிடம் அச்சிட்ட தாளைக் காட்டினேன். "தம்பி, கோடு சரிதான். ஆனா தண்ணி அந்தண்டையிலேர்ந்து வராது. மேல மதகுல ரெண்டு கண்ணும் திறந்தாத்தான் இங்க ஏறும்" என்றார். அவர் சொன்னதை எழுதிவைக்கத் தரவு அட்டவணையில் ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்த்தேன். இன்றுவரை என் தரவில் மிகவும் பயன்படும் பத்தி அதுதான்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்த சில வாரங்களில் தனியாக மன்னார்குடியில் தொழில் தொடங்கினேன். உரிமத்தொகை கட்டும் நிலையில் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கியூஜிஐஎஸ் 3.0 வந்திருந்தது. நிறுவனத்தின் ஒப்புதலோடு பழைய வேலைகளின் பிரதியை எடுத்துவந்தேன். ஆர்க்ஜிஐஎஸ்ஸின் தரவுக் கிடங்கான ஜியோடேட்டாபேஸில் இருந்த கோடுகளும் புள்ளிகளும் சிக்கலின்றித் திறந்தன. வரைபட அமைப்பைச் சேமிக்கும் எம்எக்ஸ்டி கோப்புகள் திறக்கவில்லை. நிறம், எழுத்து, அச்சுத்தாள் அமைப்பு, ஐந்து ஆண்டுகளாகக் கட்டிய நெட்வொர்க் தொடர்பு எதுவும் வரவில்லை. நான்கு மாதம் உட்கார்ந்து மறுபடி செய்தேன். மாற நினைப்பவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசம் என்பது உரிமத்துக்கு மட்டும்தான்.

கீழ்நோக்கித் தேடும் வசதி கியூஜிஐஎஸ்ஸில் கைக்கு எட்டும்படி இல்லை. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அதன் தாய் வாய்க்கால் எண்ணை ஒரு பத்தியில் எழுதி, போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தில் தன்னைத்தானே திரும்ப அழைக்கும் ஒரு எஸ்கியூஎல் வினவலைக் கொண்டு தேடுகிறேன். கற்க ஒரு கோடைக்காலம் போனது. பலன் என்னவென்றால், ஒரு வாய்க்காலுக்கு இரண்டு தாய் இருக்கலாம், குறுவையில் ஒன்று, சம்பாவில் ஒன்று என்றுகூட எழுதமுடிகிறது. வளையச் சிக்கல் என் அளவில் தீர்ந்தது.

உயரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்தச் சமதளத்தில் மென்பொருளை மாற்றிப் பயனில்லை. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற, விண்ணிலிருந்து அளந்த உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக, முழு மீட்டர் உயரமாகவே வருகிறது. அரையடி ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் திசை மாறும் ஊரில் அதை வைத்து ஓட்டத்தைக் கணித்தால் இரண்டு மென்பொருளும் ஒரே தவறைத்தான் செய்யும். லெவல் எடுக்கும் கருவியோடு வரப்பில் நடப்பது தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் பெயர் எழுதுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குற்றவாளி மென்பொருள் அல்ல, ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவம். அதில் பத்தியின் பெயருக்குப் பத்து பைட்தான் இடம். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும், உயிர்மெய்யின் துணைக்குறிக்கும் தனியாக மூன்று. ஆகவே 'புல எண்' என்பதில் 'புல' வரைதான் தங்கும், 'புல உட்பிரிவு' என்பதும் அதே 'புல'தான். கூடவே போகவேண்டிய, எந்தக் குறியாக்கம் என்று சொல்லும் சிபிஜி கோப்பு விடுபட்டால் ஊர்ப் பெயர்கள் படிக்க முடியாத குறிகளாக வந்து நிற்கலாம். ஓர் அலுவலகத்துக்கு நான் அனுப்பிய தரவு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது, சிபிஜியைச் சேர்க்க மறந்தது நான். அன்றிலிருந்து எல்லாம் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில்தான். ஒரே கோப்பு, முழுப் பெயர், இரண்டு மென்பொருளிலும் திறக்கிறது. ஜியோடேட்டாபேஸாகவே வேண்டும் என்று கேட்கும் இடங்களுக்கும் வழி உண்டு. கியூஜிஐஎஸ்ஸுக்கு அடியில் கோப்புகளைப் படித்து எழுதும் ஜிடிஏஎல் நிரல் தொகுப்பின் 3.6 பதிப்பு 2022இல் வந்த பிறகு அந்த வடிவில் எழுதவும் முடிகிறது.

அச்சுக்கு கியூஜிஐஎஸ்ஸின் 'அட்லஸ்' எனக்குப் பிடித்தமானது. ஒரு தாளை ஒழுங்குசெய்தால் போதும், ஊருக்கு ஒரு தாளாகத் தானே வரிசையாக வரும். ஆர்க்மேப்பிலும் இணையான வசதி இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய புலப்படத்தை நிலத்தோடு பொருத்துவது ஆர்க்மேப்பில் வரைபடச் சாளரத்திலேயே கண்ணெதிரே நடக்கும், அது சுகமாக இருந்தது. ஆர்க்மேப்புக்கு 2026 மார்ச் 1 வரைதான் ஆதரவு என்று அதன் நிறுவனமான எஸ்ரி அறிவித்தது. அடுத்து ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ. அதில் பழைய ஜியோமெட்ரிக் நெட்வொர்க் கிடையாது, 'டிரேஸ் நெட்வொர்க்' என்று புதிதாகக் கட்ட வேண்டும். அதை வாங்கித் தரும் அலுவலகத்தில் இருப்பவர்கள் தயங்காமல் பயன்படுத்துங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பது பெரிய விஷயம்.

எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று. தூர்வாரும் பருவத்துக்கு முன் பாசனதாரர்கள் தங்கள் வாய்க்கால் வரைபடத்தைக் கேட்டு வருவார்கள். முன்பு பிடிஎஃப் தான் கொடுக்க முடிந்தது, திருத்தம் என்றால் மறுபடி என்னிடம்தான் வரவேண்டும். இப்போது கோப்பையே கொடுத்துவிடுகிறேன். இரண்டு ஊர்களில் படித்த பிள்ளைகள் கைபேசியில், கியூஜிஐஎஸ் கோப்புகளைத் திறக்கும் கியூஃபீல்டு செயலியை ஏற்றி மதகுகளைத் தாங்களே குறிக்கிறார்கள். கைபேசியின் இடக்குறிப்பு சில மீட்டர் தள்ளிப்போகும், கிளை வாய்க்காலின் அகலமே சில இடங்களில் அவ்வளவுதான் என்பதால் கோட்டின் எந்தக் கரை என்று கேட்டுச் சரிசெய்கிறேன். சென்ற மாதம் வந்த கோப்பில், என் பழைய வரைபடத்தில் வடிகால் என்று நீலத்தில் இருந்த ஒரு கோட்டைப் பாசன வாய்க்கால் என்று மாற்றி, பக்கத்தில் 'சம்பாவுக்கு மட்டும்' என்று ஒரு பெண் எழுதியிருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். அவர் எழுதியதுதான் சரி.