"ஓல் வீல் டிரைவ், ஸ்னோ ரயருடன்" என்று கார் விற்பவர்களிடம் கவனம்

ரொறன்ரோ பக்கம் குளிர் தொடங்க முன்னம் பழைய எஸ்யூவி ஒன்று வாங்குவோம் என்று திரிகிற எல்லாரும் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு ஸ்னோ ரயருடன், அதாவது குளிர்காலத்துக்கான வின்ரர் ரயருடன், என்று சொல்லி ஒரு கார் விற்றார்கள், ரயருக்கென்று தனியாக 600 டொலரும் வாங்கினார்கள், காரில் பூட்டியிருந்த நான்கில் ஒன்றுகூட வின்ரர் ரயர் இல்லை. கடையின் பெயரைக் கேட்க வேண்டாம், முறைப்பாடு இன்னும் முடியவில்லை. ஸ்காபரோவில் பழைய கார் விற்கிற இடம், விற்றவர் நம்மட ஆள், அவ்வளவு போதும்.

மனைவிக்கு ஏஜாக்ஸில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, விடியற்காலை ஷிப்ட். 401 நெடுஞ்சாலையில் பனி தள்ளுகிற லொறி வர முன்னமே இறங்கிப் போக வேண்டிய நாட்கள் நிறைய. அதனால்தான் பழைய கொரோலாவைக் கொடுத்துவிட்டு ஓல் வீல் டிரைவ், அதாவது எஞ்சின் பலம் நான்கு சில்லுக்கும் போகக்கூடியது, உள்ளதாகப் பார்த்தோம். விற்றவரிடம் நேராகவே கேட்டேன், இதில் பூட்டியிருப்பது வின்ரர் ரயரா, எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற ஓல் சீசனா என்று. "அண்ணை, ஓல் வீல் இருக்கேக்கை ரொறன்ரோவுக்கு வின்ரர் ரயரே தேவையில்லை, அதெல்லாம் கியூபெக்கில இருக்கிற ஆக்களுக்கு. எண்டாலும் உங்களுக்கு ஸ்னோ ரயரோடதான் தாறன், இஞ்சை பாருங்கோ" என்று குனிந்து ரயரின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினார். எம்+எஸ் என்று அச்சடித்திருந்தது. மட் அண்ட் ஸ்னோவாம். பில்லிலும் "ஸ்னோ ரயர் நான்கு" என்று தன் கையாலேயே எழுதினார். அந்த ஒரு வரி எழுதியது அவருக்கு இப்போது தலையிடியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த எம்+எஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று முழுக்க இதில்தான் நடக்கிறது. அது ரயரின் வெட்டுகள், பள்ளங்கள் எந்த அமைப்பில் இருக்கின்றன என்பதை வைத்து ரயர் செய்கிற கொம்பனி தானே போட்டுக்கொள்கிற குறி. அதைப் போடுவதற்குப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கனடாவில் விற்கிற சாதாரண ஓல் சீசன் ரயர் எதை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அந்தக் குறி இருக்கும். வின்ரர் ரயருக்கு உரிய குறி வேறு: மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். அதைப் போட வேண்டுமென்றால் அந்த ரயர் பனியில் ஒரு சோதனை தாண்ட வேண்டும். அந்தச் சோதனைகூட இறுகிய பனியில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பதுதான், ஐசில் எப்படி நிற்கிறது என்று பார்ப்பதில்லை. ஆக மலைக்குறியே முழு உத்தரவாதம் இல்லை என்னும்போது எம்+எஸ்ஸை வைத்து 600 டொலர் கேட்கிறார்கள்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். ஜனவரியில் ஒரு காலை, விழுந்தது பெரிய பனிகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சவளோடு இன்னும் வழித்துக்கொண்டு நிற்க, எங்கள் கார் டிரைவ்வேயில் இருந்து ஒரு தயக்கமும் இல்லாமல் வெளியே வந்தது, மனைவிக்கும் எனக்கும் பெருமைதான். மோர்னிங்சைட்டில் எல்ஸ்மியரைத் தாண்டித் தெற்கே ஹைலண்ட் கிரீக் பள்ளத்துக்குள் வீதி இறங்கும், அந்தப் பக்கம் ஓடினவர்களுக்குத் தெரியும். கீழே பஸ் ஒன்று நின்றது. போதிய தூரத்திலேயே பிரேக்கை மிதித்தேன், பிரேக்கில் சில்லு இறுகிப் போகாமல் தடுக்கிற ஏபிஎஸ் காலுக்குக் கீழே கடகடவென்று அடித்தது, கார் தன் பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸின் பின்புறம் கிட்ட வரவர வலப்பக்கம் வெட்டினேன், அதற்கும் உடனே திரும்பவில்லை, பிறகு திடீரென்று திரும்பி நடைபாதைக் கட்டில் ஏறி அடித்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. ரிம் நெளிந்து, சில்லைக் காரோடு பிடித்து வைத்திருக்கிற கொன்ட்ரோல் ஆர்ம் வளைந்து, சில்லு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்களுக்குத் தெரிந்த கராஜ் அண்ணை காரை உயர்த்தி வைத்து ரயரைப் பார்த்துவிட்டு, "ஆர் தம்பி இதை ஸ்னோ ரயர் எண்டு சொன்னது?" என்று கேட்டார். நான்கிலும் மலைக்குறி இல்லை. முன்னுக்கு இரண்டும் ஒரு பிராண்ட், பின்னுக்கு இரண்டும் வேறு பிராண்ட். பின் ரயர்களில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் 3 மில்லிமீற்றர் அளவுக்குத்தான் பள்ளம் மிச்சம். 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்த ரயரைப் பனி மூடின வீதியில் ஓட்டக் கூடாது என்று ட்ரான்ஸ்போர்ட் கனடாவே சொல்கிறது. பிறகு டோர்ச் அடித்து உட்பக்கம் காட்டினார், ரயரில் அச்சடித்திருக்கிற டிஒடி என்ற அடையாள இலக்கத்தின் கடைசியில் 3215 என்று இருந்தது. 2015ஆம் ஆண்டின் 32ஆம் கிழமையில் செய்த ரயர். இந்த நான்கு இலக்கம் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது வழக்கம், அந்தப் பக்கம் உள்ளே போகும்படி பூட்டிவிட்டால் வெளியே நின்று பார்ப்பவருக்கு வயது தெரியாது. வேண்டுமென்றே அப்படிப் பூட்டினார்களா என்று நான் சொல்ல முடியாது.

சேஃப்டி சேர்ட்டிபிக்கேற் கொடுத்தார்களே என்று கேட்டேன். அது வீதியில் ஓடத் தகுதியான கார் என்பதற்குத்தான், ஓல் சீசன் ரயரோடு தாராளமாகப் பாஸாகும், வின்ரர் ரயர் இருக்கிறதா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை.

ஓல் வீல் டிரைவ் இருந்தும் ஏன் இப்படி என்று கேட்டதற்கு அண்ணை சொன்னது: "அக்சிலேற்றரை மிதிக்கேக்கைதான் தம்பி அது வேலை செய்யும். பிரேக் எந்தக் காருக்கும் நாலு வீல்லதானே. பாட்டாச் செருப்போட ஐசில நிக்கிறவனுக்குக் காலில பலம் இருந்தென்ன?" இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. சின்ன எஸ்யூவிகளில் பல, சாதாரண நேரத்தில் முன்சில்லால்தான் ஓடும், முன்சில்லு வழுக்குகிறது அல்லது வழுக்கப் போகிறது என்று தெரிந்தால் நடுவில் இருக்கிற கப்ளிங் பின்சில்லுக்கும் பலத்தை அனுப்பும். ஏற்றத்தில் ஏற, வழிக்காத டிரைவ்வேயில் இருந்து வெளியே வர அது நல்ல உதவி, இல்லை என்று சொல்லவில்லை. பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் காரைப் பிடித்து வைத்திருப்பது றப்பர் வீதியைப் பிடிக்கிற பிடி மட்டும்தான். 7 பாகைக்குக் கீழே போகப் போக ஓல் சீசன் றப்பர் இறுகிவிடும், வின்ரர் ரயரின் றப்பர் அந்தக் குளிரிலும் மெதுவாக இருக்கும்படி செய்தது. இன்னொரு ஆபத்தும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. முன்சில்லு வண்டி என்றால் கிளம்பும்போதே சில்லு சுற்றி, வீதி வழுக்குது, கவனம் என்று சொல்லிவிடும். ஓல் வீல் அந்த எச்சரிக்கையைத் தராது, வறண்ட வீதி மாதிரிக் கிளம்பி வேகம் எடுத்துவிடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் கார் நிற்க எடுக்கிற தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. நல்ல வின்ரர் ரயர் போட்ட எங்கள் பழைய கொரோலா அந்த இறக்கத்தில் இதைவிட முன்னமே நின்றிருக்கும்.

பில்லையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் எம்+எஸ் என்றால் ஸ்னோ ரயர்தான் என்று நின்றார், பிரிட்டிஷ் கொலம்பியாவில் சட்டமே ஒத்துக்கொள்கிறது என்றார். அது உண்மைதான், அங்கே குளிர்காலத்தில் மலைவீதிகளுக்கு எம்+எஸ் போதும், ஆனால் பள்ளம் குறைந்தது 3.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், இவர் தந்த பின் ரயர் அங்கேயும் எடுபடாது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிந்த கார்களுக்கு மலைக்குறி உள்ள ரயர் கட்டாயம், ஓல் வீல் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, அந்தத் துணிவில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. நான் விடாமல் நின்றதும் குரல் மாறியது. "சரி அண்ணை, கோவிக்காதேங்கோ, முன்னுக்கு ரெண்டு புது வின்ரர் ரயர் சும்மா போட்டுத் தாறன்."

இந்தச் சலுகையை யார் தந்தாலும் வாங்காதீர்கள். முன்னுக்கு மட்டும் பிடி கூடினால் வளைவிலும் பிரேக்கிலும் பின்பக்கம் வெளியே இழுத்துக் கார் சுற்றிவிடும், போட்டால் நான்கும் ஒன்றாகத்தான் போட வேண்டும். ஓல் வீலுக்கு இன்னொரு தொல்லையும் சேரும். புதிய ரயரின் சுற்றளவும் தேய்ந்த ரயரின் சுற்றளவும் வேறு, முன்பின் சில்லுகள் வேறு வேறு வேகத்தில் சுற்ற, வழுக்குகிறது என்று நினைத்துக் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடாகிக் கெட்டுப்போகும். சுபாரு தன் கார்களுக்கு இந்தச் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்களுக்கு விற்ற காரிலேயே முன்னும் பின்னும் வேறு பிராண்ட், வேறு தேய்வு. கப்ளிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கராஜ் அண்ணை சொல்லும்வரை எனக்கு நித்திரை இல்லை.

இன்சூரன்ஸ் பக்கமும் இது இழுத்துவிட்டிருக்கும். 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் எல்லா இன்சூரன்ஸ் கொம்பனிகளும் வின்ரர் ரயருக்குக் கட்டணத்தில் கழிவு தர வேண்டும், அது பெரும்பாலும் 5 சதவீதத்துக்குள்தான். இவர் எழுதித் தந்த பில்லைக் காட்டித்தான் நாங்கள் அந்தக் கழிவை எடுத்திருந்தோம். மோதலுக்குப் பிறகு அவர்கள் ரயரைப் படம் எடுத்துப் பார்த்துப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தால் யாரைக் கூப்பிடுவது? புரோக்கரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி எழுத்தில் பதிவு செய்துவிட்டேன், திருத்து வேலைக்கு எங்கள் கைக்காசைத்தான் கொடுத்தோம்.

ஒன்ராறியோவில் டீலர்களைக் கட்டுப்படுத்துகிற ஓம்விக் அமைப்பில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். டீலரிடம் கார் வாங்கினால் மனம் மாறித் திருப்பிக் கொடுக்க அவகாச நாட்கள் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை. ஓடின தூரம், முன்பு டாக்சியாகவோ வாடகைக் காராகவோ இருந்தது போன்ற சிலவற்றை மறைத்திருந்தால் 90 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறிக்கலாம், ரயர் அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாத குணத்தை இருக்கிறது என்று சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறு, நான் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். வாயால் சொன்னதாக மட்டும் இருந்தால் என் கதை இத்தோடு முடிந்திருக்கும், பில்லில் அந்த வரி இருப்பதால்தான் பேச முடிகிறது. முறைப்பாடு போனபின் 600 டொலரையும் திருப்பித் தருகிறேன், இனி ஒன்றும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கோ என்று வாட்ஸ்அப் அனுப்பினார். ரிம்முக்கும் கொன்ட்ரோல் ஆர்முக்கும் போன காசு அதைவிட எத்தனையோ மடங்கு. போடவில்லை.

வாங்கப் போகிறவர்கள் காரைப் பார்க்கப் போக முன்னமே நான்கு ரயரின் பக்கவாட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், மலைக்குறியும் நான்கு இலக்கத் திகதியும் தெரிய வேண்டும். இரண்டு ரயரின் படம் மட்டும் வந்தால் மற்ற இரண்டையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் "ஸ்னோ ரயர்" என்ற சொல்லோடு நிறுத்தாமல் பிராண்ட், மொடல், மலைக்குறி உண்டு என்று எழுதச் சொல்லுங்கள். வருடம் இரண்டு முறை ரயர் மாற்றவும் வைத்திருக்கவும் இடமில்லாத கொண்டோக்காரர்களுக்கு ஓல் வெதர் என்று ஒரு வகை இருக்கிறது, மிஷலின் குறோஸ்கிளைமற் 2 போன்றவை, மலைக்குறியோடு வரும், கோடையிலும் ஓடலாம். ஓல் சீசன் வேறு, ஓல் வெதர் வேறு, கடைக்காரர் இரண்டையும் குழப்பிப் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள்.

இதேபோல் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: புது ரயர் பூட்டும்போது பழையதைக் கராஜிலேயே எறிந்துவிடச் சொல்லாதீர்கள். டிஒடி இலக்கம், பள்ளத்தின் அளவு, ஓடின கிலோமீற்றர் மூன்றும் தெரியப் படம் எடுத்து, ரயரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். எங்கள் நான்கும் பேஸ்மென்ற்றில் படிக்குக் கீழே கிடக்கின்றன, ஓம்விக்கில் இருந்து பதில் வரும்வரை அசைக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று.