சோதனை எதுவும் செய்யாமல் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்

சிக்னலில் நின்றால் என் காரின் வெப்ப முள் மேலே ஏறும். வண்டி ஓடத் தொடங்கினால் இறங்கிவிடும். பணிமனையில் இதை அப்படியே சொன்னேன். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது சார், எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார். எஞ்சினின் மேல் பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு அது. நானும் நம்பினேன். ஒன்பது நாள் கழித்துப் பெரிய பில்லோடு வண்டி வந்தது. மறுநாளே, நெரிசலில் முள் மறுபடியும் ஏறியது.

வேறொரு மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்தேன். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார். ரேடியேட்டர் விசிறி அசையவே இல்லை. ஃபியூஸ் பெட்டியில் விசிறிக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்சான ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அதே வகையைச் சேர்ந்த ஹாரன் ரிலேயை அங்கே செருகினார். விசிறி சுழன்றது. கழற்றிய ரிலேயை என் கையில் வைத்தார். தீப்பெட்டியைவிடச் சிறியது, அதன் உலோக முனைகளில் ஒன்று கருகியிருந்தது. அதற்காகவா என் எஞ்சினைப் பிரித்தார்கள்!

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது விசிறியை விட்டால் வேறு வழியில்லை. நான் சொன்ன முதல் வார்த்தையிலேயே விடை இருந்தது.

கேஸ்கெட் என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் இருக்கும் தொட்டியின் ஆவியை நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். ஒழுக்கு இல்லாமலே கூலன்ட் குறைவது, எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வருவது, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் தெரிவது ஆகியவை சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள். என் வண்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

வீட்டில் பார்ப்பவர்கள் சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அந்தப் பணிமனைப் பையன் துணியைப் போட்டுத் திருகினான். கொதித்த கூலன்ட் பீறிட்டு, பக்கத்தில் நின்ற என் முன்கை கொப்பளித்துவிட்டது. உள்ளே அழுத்தம் இருப்பதால் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த நொடியில் பொங்கிவிடும். ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாய் முழுதும் ஆறித் தளர்ந்த பிறகே திறக்க வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி தானாகச் சுழலலாம், விரலை விடாதீர்கள். சிந்திய கூலன்ட்டை உடனே துடைத்துவிடுங்கள். இனிப்பாக இருக்கும் நஞ்சு அது, நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பழைய கேஸ்கெட்டைத் திருப்பிக் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். கழற்றும் பாகங்களைத் தர வேண்டும் என்று, வண்டியை விடும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.