36,000 ரூபாய்க்கு நான் வாங்கிய 12 படங்கள்

போன தீபாவளிக்கு முன்னால் நடந்தது இது: கடைக்கு இன்ஃபோகிராஃபிக், அதாவது எண்களையும் விவரத்தையும் ஒரே பார்வையில் சொல்லும் விளக்கப்படம், போட்டுத் தருகிறோம் என்று வந்தவர்களிடம் நான் ஏமாந்த கதை. கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று எழுதாமல் இருந்தேன். இப்போது இதே மாதிரி ஆட்கள் வெள்ளகோவில், பெருந்துறைப் பக்கம் சின்னக் கடைக்காரர்களைத் தேடிப் போவதாகக் கேள்வி. அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை, போட்டாலும் பயனில்லை. இந்த வித்தையைச் செய்வது ஒரு கம்பெனி மட்டுமில்லை.

காங்கேயம் பக்கம் நானும் மனைவியும் ஒரு மரச்செக்கு ஓட்டுகிறோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். பாதி விற்பனை கடையில், மீதி வாட்ஸ்அப்பிலும் ஒரு சின்ன இணையதளத்திலும்.

நான் ஏமாந்ததற்கு ஒரு காரணம் உண்டு. படம் போட்டால் வேலை நடக்கும் என்பதை அதற்கு முன்பே கண்ணால் பார்த்திருந்தேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி, "ரீஃபைண்டு இவ்வளவு கம்மியா கிடைக்குதே, நீங்க மட்டும் ஏனுங்க இப்படி விக்கிறீங்க?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ஒரு சார்ட் பேப்பரில் வரைந்தாள். இடது பக்கம் இரண்டரைக் கிலோ கடலைப்பருப்பு. நடுவில் செக்கு. வலது பக்கம் ஒரு லிட்டர் எண்ணெய், ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு. கீழே அன்றைய பருப்பு விலை, புண்ணாக்கு விற்றால் திரும்ப வருவது, செக்கில் ஆட்டுகிற கூலி, பாட்டில், கடைசியில் எங்கள் விலை. அதைப் போனில் படமெடுத்துக் குரூப்பில் போட்டேன். பேரம் பேசுவது அன்றோடு குறைந்தது. வாங்கினவர்களே தங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார்கள். திருச்சியிலிருந்து முகம் தெரியாத ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு அஞ்சு லிட்டர் சொன்னார். பத்து நிமிடம் பேச வேண்டியதைப் பத்து நொடியில் சொல்லிவிடும், நாம் இல்லாத இடத்திலும் நமக்காகப் பேசும். இன்ஃபோகிராஃபிக்கின் பலம் அதுதான். அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனித் தம்பி வந்தார். லேப்டாப்பைத் திறந்ததும் முதல் வரியே, "மனுஷ மூளை எழுத்தை விடப் படத்தை 60,000 மடங்கு வேகமா புரிஞ்சுக்கும் சார்." ஆளை அசத்துகிற எண்தான். பிற்பாடு தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் 3எம் கம்பெனியின் பெயரைச் சொல்லி உலகமெல்லாம் சுற்றுகிற எண் அது. மூல ஆய்வைத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறார்கள். அதே கம்பெனியின் துணையோடு 1986இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. படம் காட்டிப் பேசினால் 43 சதவீதம் கூடுதலாக ஆளை இணங்க வைக்கலாம் என்பது அதன் முடிவு. 43 எங்கே, 60,000 எங்கே!

பேசி முடித்தது 12 படம், 36,000 ரூபாய், பாதி முன்பணம். கூடவே பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு), கூகுளில் முதல் பக்கம், வைரல் என்று வாய்வாக்குகள். எதையும் எழுதி வாங்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

முதல் படம் வந்தது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது, படிக்கும் வரைக்கும். "செக்கு எண்ணெய்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "சகெ்கு எண்ணயெ்" என்று இருந்தது. கொம்பு தன் எழுத்தை விட்டு அடுத்த எழுத்தில் போய்த் தொற்றிக்கொண்டிருந்தது. டிசைன் செய்கிற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றி வைக்காமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் இப்படித்தான் ஆகும் என்று எங்கள் ஊர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சொன்னார். கம்பெனித் தம்பியிடம் கேட்டால், "உங்க மொபைல்ல ஃபாண்ட் இல்ல சார், மத்தவங்களுக்கு சரியா தெரியும்" என்றார். வந்திருப்பது ஜேபெக் படம். படத்துக்குள் இருக்கிற எழுத்துக்கு என் போனில் எதற்கு ஃபாண்ட்?

சரி, அதைத் திருத்தினார்கள். இரண்டாவது படத்தில் இரண்டு பாட்டில்கள். எங்கள் எண்ணெய் 92%, ரீஃபைண்டு 31%. எதில் 92? ஒன்றுமே போடவில்லை. சத்தா, சுவையா, வாடிக்கையாளர் திருப்தியா? கேட்டேன். "கூகுள்ல எடுத்தது சார்." கூகுளில் எங்கே? பதில் இல்லை. அந்தப் பாட்டில் படத்திலும் ஒரு கண்கட்டு உண்டு. 92க்கு 31 என்றால் மூன்று மடங்கு. அவர்கள் பாட்டிலை உயரத்திலும் மூன்று மடங்காக்கி, அகலத்திலும் மூன்று மடங்காக்கியிருந்தார்கள். அப்போது பாட்டில் அடைக்கிற இடம் ஒன்பது மடங்கு. பார்க்கிறவர் கண்ணில் பதிவது அந்த ஒன்பதுதான். என் மகள் ஸ்கேல் வைத்து அளந்து காட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

நான்காவது படம்தான் நிஜமான வினை. சிரிக்கும் இதயம், கையில் வாள், தலைப்பு "கொலஸ்ட்ரால் எதிரி". தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் நான் சரியாகப் பார்க்கவில்லை. அவர்களே எங்கள் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். மறுநாள் உணவுப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "தம்பி, முதல்ல அதை எடுங்க. அப்புறம் பேசலாம்." சமையல் எண்ணெய் விளம்பரத்திலும் லேபிளிலும் "ஆன்டி கொலஸ்ட்ரால்", "கொலஸ்ட்ரால் ஃபைட்டர்", "சூதிங் டு ஹார்ட்" மாதிரிச் சொற்களைப் போடக் கூடாது என்று விதியிலேயே பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்களாம். நம் ஆட்கள் அதைத் தமிழில் மொழிபெயர்த்து வாளும் கொடுத்திருக்கிறார்கள்! 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவுப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். படம் போட்டவன் தப்பித்துவிடுவான், பக்கம் என் பெயரில் இருக்கிறது. உடனே எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் எத்தனை பேர் அனுப்பியிருந்தார்களோ.

அதன் பிறகு சந்தேகம் வந்து மற்ற படங்களை, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். ஏழாவது படம், அப்படியே, நிறம்கூட மாறாமல், வேறோர் ஊர் எண்ணெய்க் கடையின் இணையப் பக்கத்தில் அந்தக் கடை லோகோவோடு இருந்தது. இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட். அதில் பெயரை மாற்றி எனக்கு 3,000 ரூபாய்.

எங்கள் இணையதளத்தில் கம்பெனிக்காரர்கள் செய்த வேலை இன்னும் மோசம். நான் எழுதி வைத்திருந்த விலைப்பட்டியல், முகவரி, ஆட்டும் முறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே நீளப் படமாகப் போட்டுவிட்டார்கள். போனில் அந்தப் படம் பல்குச்சி மாதிரி ஒடுங்கிவிடும். எழுத்து எறும்பு சைஸ். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கி இன்னும் மங்கும். முக்கியமான விஷயத்தை எழுத்தாகவே வையுங்கள், படத்துக்குள் புதைக்காதீர்கள் என்று கூகுளே சொல்கிறது. படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக மாற்று விவரம் என்று ஒரு வரி எழுத வேண்டும், அதுவும் காலி. கண் பார்வை இல்லாத ஒருவர் எங்களிடம் மாதாமாதம் நல்லெண்ணெய் வாங்குவார். போனில் வாசிக்கும் வசதியை வைத்துத்தான் விலை பார்ப்பார். அவர் கூப்பிட்டு, "உங்க பக்கத்துல 'இமேஜ்'னு மட்டும்தான் சொல்லுதுங்க, கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்டார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

பேக்லிங்க் கதையும் அப்படியே. படத்தோடு லிங்க்கை ஒட்டி நூறு தளத்தில் போடுவோம் என்றார்கள். அப்போது கூகுளில் ஸ்பேம் தடுப்புக் குழுவின் தலைவராக இருந்த மேட் கட்ஸ் 2012இலேயே ஒரு பேட்டியில், இன்ஃபோகிராஃபிக் வழியாக வரும் லிங்க்குகளின் மதிப்பைக் குறைக்கும் காலம் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இவர்கள் அதைப் புதுச் சரக்காக விற்கிறார்கள்.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் வந்தது. அதுவும் இன்ஃபோகிராஃபிக்தான்! பச்சைக் கோடு ஒன்று மலை மாதிரி ஏறி நின்றது. "ரீச் எப்படிப் போயிருக்கு பாருங்க சார்." ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்களைப் பார்த்தேன். கோடு தொடங்கியது சுழியத்திலிருந்து இல்லை, 9,800இலிருந்து. எங்கள் பதிவு போய்ச் சேர்ந்தது மாத ஆரம்பத்தில் 9,840 பேருக்கு, முடிவில் 10,110. கூடியது 270 பேர், மூன்று சதவீதம்கூடத் தேறாது. தீபாவளி மாதத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே அவ்வளவு பேர் கூடுவார்கள்.

மீதிப் பணம் தர மாட்டேன் என்றேன். முன்பணம் போனது போனதுதான். விலை மாறியதே, திருத்த வேண்டுமே என்று மூல ஃபைலைக் கேட்டேன். அது தர மாட்டார்களாம், ஒரு திருத்தத்துக்கு 1,500. எண்ணெய் விலை மாதம் இரண்டு முறை மாறுகிற தொழிலில், திருத்த முடியாத படத்தில் விலையைப் போட்டது எவ்வளவு மடத்தனம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. காப்புரிமைச் சட்டப்படி உரிமையை நம் பேருக்கு மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டுமாம். காசு கொடுத்ததால் படம் தானாக நமக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யாராவது படம் போட்டுத் தருகிறேன் என்று வந்தால் நான் டிசைன் பார்ப்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, போடப்போகும் எண்களையும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதையும் முதலில் எழுதச் சொல்கிறேன். இதுவரை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர்தான் உட்கார்ந்து எழுதினார். அவருக்கு ஒரு படத்துக்கு 800 ரூபாய், திறந்து திருத்தக்கூடிய ஃபைலோடு, விலை மட்டும் படத்துக்கு வெளியே எழுத்தில். மகளின் சார்ட் பேப்பர் இன்னும் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்குகிறது, பருப்பு விலையை மட்டும் பென்சிலில் மாற்றிக்கொள்கிறோம்.

போன வாரம் தாராபுரத்திலிருந்து சித்தப்பா ஒரு ஃபார்வர்டு அனுப்பியிருந்தார். அதே வாள், அதே இதயம், கீழே மங்கலாக எங்கள் கடைப் பெயர். கூடவே ஒரு குரல் செய்தி: "சாமி, இதைக் குடிச்சா கொழுப்பு கரையுமாமே, நம்ம கடையா இது? எனக்கு ரெண்டு லிட்டர் போட்டுவிடு."