வசந்த காலத்தில் சத்தமாக வாசிக்க மூன்று படப் புத்தகங்கள்

பாஸ்டன் பக்கம் மார்ச் மாதம் பிறந்தாலும் பனி முழுக்கக் கரையாது, மரமெல்லாம் மொட்டையாகவே நிற்கும். அந்த நாட்களில் மகளுக்கு வாசிக்க நான் எடுக்கும் புத்தகங்கள் சில வருடங்களாக மாறவே இல்லை.

முதலில் 'தி காரட் சீட்'. 1945-இல் ரூத் கிரௌஸ் எழுதி, அவருடைய கணவர் கிராக்கெட் ஜான்சன் படம் வரைந்தது. ஒரு பையன் காரட் விதை ஊன்றுகிறான். அம்மா, அப்பா, அண்ணன் எல்லோரும் முளைக்காது என்கிறார்கள். அவன் தினமும் களை பிடுங்கித் தண்ணீர் தெளிக்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் ஒன்றும் முளைக்காத அந்தப் பக்கத்தில் நான் சற்று நிறுத்தினால் போதும், "முளைக்கும்!" என்று மகள் கத்துவாள். வார்த்தை குறைவாக இருப்பதால்தான் குழந்தை நடுவில் புகுந்து பேச இடம் கிடைக்கிறது.

எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' (1969) எல்லோருக்கும் தெரிந்ததுதான். திங்கள் ஓர் ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் என்று புழு தின்னத் தின்ன, பக்கமும் அகலமாகிக்கொண்டே போகும். சனிக்கிழமை அது தின்னும் பட்டியலை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கெட்டி அட்டைப் பதிப்பாகவே வாங்குங்கள். புழு தின்ற இடங்களில் பக்கத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும், பிள்ளைகள் அதில் விரலை விடாமல் இருக்க மாட்டார்கள். எங்களிடம் இருந்த காகிதப் பதிப்பில் ஓட்டைகளின் ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ராபர்ட் மெக்கிளாஸ்கியின் 'மேக் வே ஃபார் டக்லிங்ஸ்', 1941-இல் வந்தது. ஜாக்கில் தொடங்கி க்வாக்கில் முடியும் எட்டு வாத்துக்குஞ்சுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது நாக்கே தாளம் போடும். அம்மா வாத்து அவற்றைச் சார்லஸ் ஆற்றிலிருந்து பாஸ்டன் நகரத்துக்குள் நடத்திப் போக, போலீஸ்காரர் மைக்கேல் வண்டிகளை நிறுத்தி வழிவிடுகிறார். படங்கள் முழுக்கப் பழுப்பு நிறம்தான், ஆனாலும் குழந்தைக்கு அலுப்பதே இல்லை. இதை வரைவதற்காக மெக்கிளாஸ்கி தன் வீட்டிலேயே வாத்துகளை வளர்த்தாராம். குஞ்சுகள் திரும்பிப் பார்க்கும் விதத்தில் அது தெரிகிறது. கதை போய்ச் சேரும் பப்ளிக் கார்டன் பூங்காவில் 1987 முதல் அவற்றின் வெண்கலச் சிலைகளும் வரிசையாக நிற்கின்றன.

கதை கொஞ்சம் நீளம். மூன்று வயதுக்குக் கீழே என்றால், வாத்துகள் கூடு கட்ட இடம் தேடும் பக்கங்களைத் தாண்டி, குஞ்சு பொரிக்கும் இடத்திலிருந்தே தொடங்கிவிடுங்கள்.