ஊரில் நிற்கும் காரில் ஆயில் லீக்: சென்னையில் பழுது பார்க்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கும் பலருக்கும் ஊரில் ஒரு கார் உண்டு. மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும்போது தரையில் கருப்பாக ஒரு வட்டம் தெரியும். பக்கத்து மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, “சேம்பர் பேக்கிங் போயிருக்கு சார்” என்பார். சேம்பர் என்பது எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி, பேக்கிங் அதன் விளிம்பில் கசியாமல் அடைக்கும் பட்டை. இந்த முறை ஊருக்கு வந்தபோது நான் பார்த்த பட்டறைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். யாரும் ஏமாற்றுவதில்லை. ஆயில் சொட்டும் இடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆயில் மேலே ஓரிடத்தில் கசிந்து, எஞ்சின் பக்கவாட்டில் வழிந்து, கடைசியில் சேம்பரின் விளிம்பில் வந்து சொட்டும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்பக்கமாகவும் தள்ளிவிடும். அதனால் நனைந்த இடங்களில் ஆக மேலே இருப்பது, ஆக முன்னால் இருப்பது எது என்று தேட வேண்டும்.

முதலில் அது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். இரவில் அடியில் பழைய அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துக்கொள்ளுங்கள். பழுப்பு அல்லது கருப்பு என்றால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து வருவது. கறை அட்டையில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் உதவும். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், வலப்பக்கம் கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) புல்லி, இடப்பக்கம் கியர் பாக்ஸ்.

அடுத்து டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. ஸ்விஃப்ட் பெட்ரோல் எஞ்சினுக்குச் சுமார் 3 லிட்டர் ஆயில் போதும், கடையில் கிடைப்பதோ சில சமயம் 3.5 லிட்டர் கேன். “மிச்சம் எதுக்கு சார்” என்று முழுக் கேனையும் ஊற்றிவிடும் பட்டறைகள் இருக்கின்றன. அளவு மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கலக்கி நுரைக்க வைக்கும், சீல்களிலும் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையங்கள்) கசிவு வரலாம். கூடுதலை வடித்தாலே சில வண்டிகளில் பிரச்சினை முடிந்துவிடும்.

பிறகு சுத்தம் செய்வது. இதைத் தவிர்த்துவிட்டு லீக் தேடுவது வீண் வேலை. வாட்டர் வாஷ் கடையில் எஞ்சின் மேல் நேராகப் பிரஷர் அடிக்க விடாதீர்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இக்னிஷன் காயில் மூன்றும் தண்ணீருக்கு ஆகாது. எஞ்சின் ஆறியபின் அடித்தட்டைக் கழற்றி, பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயும் பழந்துணியும் கொண்டு துடைத்து, காற்றடித்துக் காயவிடுங்கள். பின்னர் 15, 20 கிலோமீட்டர் ஓட்டி, வந்ததும் பத்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு, எஞ்சினை நிறுத்தி டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் முகப்பவுடர் தூவிவிட்டு ஓட்டினால் கசிவின் கோடு அதில் பளிச்சென்று தெரியும். அதிலும் பிடிபடாவிட்டால் ஆயிலில் கலக்கும் யூவி டை (புற ஊதா ஒளியில் மின்னும் சாயம்) வாங்கி, புட்டியில் சொன்ன அளவு ஊற்றி, ஓட்டிவிட்டு இருட்டில் யூவி டார்ச் அடிக்க வேண்டும். பல பட்டறைகளில் இது இருக்காது, நாமே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

பழைய வண்டியில் அதிகம் கசிவது டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங். சூட்டிலும் வயதிலும் ரப்பர் இறுகிப்போகும். ஸ்பார்க் பிளக் குழியில் ஆயில் நின்றாலும் குற்றம் அந்தப் பக்கம்தான். புதுப் பேக்கிங் மாட்டும்போது பெரும்பாலும் நடக்கும் தவறு, ரப்பர் முழுக்க அனபாண்ட் (பசை போன்ற சீலன்ட்) பூசுவது. பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு ஆயில் ஸ்ட்ரெய்னரை (ஆயில் உறிஞ்சும் இடத்துச் சல்லடை) அடைக்கும். டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு போதும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வண்டிக்குச் சொன்ன அளவிலேயே முறுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கவர் வளையும்.

ஆயில் பிரஷர் சுவிட்சையும் மறக்காதீர்கள். கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்ச் போய்விட்டது. ஆயில் ஃபில்டர் மாற்றிய உடனே லீக் தொடங்கியிருந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருந்து புதியது அதன் மேல் ஏறியிருக்கலாம். அப்படியென்றால் வண்டியை ஓட்டாதீர்கள், ஆயில் மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். புது ஃபில்டரை ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் முறுக்கினால் போதும். ஆயில் வடிக்கும் டிரெயின் நட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய வாஷரோடு சொட்டுகிறது என்று நட்டை மேலும் மேலும் முறுக்கித்தான் மரையை அறுக்கிறார்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களில் கசிந்தால் பிசிவி வால்வைச் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது) சந்தேகியுங்கள். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து மெல்லிய பாலிதீன் தாளை அந்தத் துளையின் மேல் வைத்தால் லேசாக உள்ளே இழுக்க வேண்டும். வெளியே ஊதினால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. வால்வு அடைப்பா, பிஸ்டன் ரிங் தேய்மானமா என்று தெரியாமல் சீல் மாற்றினால் திரும்பவும் கசியும்.

உதிரிப்பாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வசதி. வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், வருஷத்தை மட்டும் சொன்னால் பேக்கிங் மாறிவிடும். புதுப்பேட்டை பழைய பாகங்களுக்குப் பேர்போனது. டேப்பெட் கவரே உடைந்திருந்தால் அங்கே போகலாம், சீலும் பேக்கிங்கும் அங்கே வாங்கக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைத் தரச் சொல்லி வேலைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் மட்டும் நிதானம் வேண்டும். அது கிராங்கின் பின்பக்க சீலாக இருக்கலாம், கியர் பாக்ஸின் முன் சீலாகவும் இருக்கலாம், மேலே டேப்பெட் கவரிலிருந்து பின்பக்கமாக வழிந்ததாகவும் இருக்கலாம். சீல் என்றால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், ஒரு நாளுக்குக் குறையாத வேலை. மேலே எல்லாம் காய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். இறக்குவது உறுதியானால் கிளட்ச் தேய்மானத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள், இரண்டாவது முறை இறக்கும் கூலி மிச்சம்.

திரும்பிப் போகும் தேதி நெருங்கிவிட்டதா? லேசான ஈரம்தான், டிப்ஸ்டிக் அளவு இறங்கவில்லை, எக்ஸாஸ்ட் மேல் விழவில்லை என்றால் அவசரமாகப் பிரிக்க வேண்டாம். வீட்டில் இருப்பவரிடம் ஒரு லிட்டர் ஆயிலைக் கொடுத்து, மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டி புகையும் தீய்ந்த வாடையும் வந்தால் அது தீப்பிடிக்கும் ஆபத்து. சரிசெய்யாமல் அந்த வண்டியை யாரிடமும் ஓட்டக் கொடுக்காதீர்கள்.