எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்: பல வருடம் கேட்ட பிறகு

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' ஆல்பத்தை 2009-ல் சிடியாக வாங்கினேன். முதல் இரண்டு மாதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. 18 பாட்டு, 67 நிமிடம். மிக் ஜாகர் என்ன பாடுகிறார் என்று பாதி நேரம் காதில் விழவில்லை. கிதார், பியானோ, டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. குரல் அவற்றுக்கு அடியில் எங்கோ கிடந்தது. சிடியில்தான் கோளாறு என்று நினைத்து, நண்பரிடம் இருந்த பிரதியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

இன்று வாரத்துக்கு ஒருமுறையாவது இந்த ஆல்பத்தின் இசைத்தட்டில் ஒரு பக்கம் எங்கள் வீட்டில் ஓடுகிறது. என்னைப் போல முதல் முறை கேட்டுவிட்டு ஓரமாக வைத்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆல்பம் உருவான இடத்தைத் தெரிந்துகொண்டதும் எனக்குப் பாதிக் கதவு திறந்துவிட்டது. 1971-ல் இங்கிலாந்தின் வருமான வரிக்குத் தப்பி இந்தக் குழு பிரான்ஸுக்குப் போய்விட்டது. தலைப்பில் இருக்கும் 'எக்ஸைல்' (நாட்டைவிட்டு வெளியேறி வாழ்வது) அதுதான். தெற்குக் கடற்கரையில், வில்ஃபிரான்ஷ் என்ற ஊரில், நெல்கோட் என்ற பெரிய பங்களாவைக் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்தார். அந்த வீட்டின் நிலவறையில்தான் ஒலிப்பதிவு. வெளியே ஒரு லாரி நிற்கும். அதுதான் அவர்களுடைய நடமாடும் ஸ்டுடியோ. அங்கிருந்து ஒயர் இழுத்து, ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். கோடைகாலம், காற்றே போகாத இடம், சுவரெல்லாம் ஈரம். சுருதி சேர்த்த கிதார் பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடுமாம். 'வென்டிலேட்டர் ப்ளூஸ்' என்று ஒரு பாட்டுக்குப் பெயர் வந்ததே அந்தப் புழுக்கத்தால்தான். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டபோது, குழப்பம் என்று நான் நினைத்ததெல்லாம் ஒரே வீட்டுக்குள் பல பேர் வியர்த்துக்கொண்டு வாசிக்கும் சத்தமாகக் கேட்டது.

ஆனால் இந்த ஆல்பத்தின் உயிர் அந்த நிலவறையில் மட்டும் இல்லை. பிரான்ஸில் பதிவு செய்ததை லாஸ் ஏஞ்சலீஸுக்கு எடுத்துப்போய், 1971 கடைசியிலும் 1972 தொடக்கத்திலும் மேலே பல குரல்களைச் சேர்த்தார்கள். அவற்றில் இரண்டு பேரை எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரியவந்தது: கிளைடி கிங், வெனட்டா ஃபீல்ட்ஸ். முதலாமவர் ரே சார்ல்ஸின் பின்பாட்டுக் குழுவில் பாடியவர், இரண்டாமவர் ஐக், டினா டர்னர் குழுவில் பாடியவர். 'டம்ப்ளிங் டைஸ்' பாட்டைப் போட்டு, ஜாகரை விட்டுவிட்டு இந்தப் பெண்களின் குரலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். தாளம் கொஞ்சம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும், அவசரமே இருக்காது. கடைசி ஒரு நிமிடத்தில் அந்தக் குரல்கள்தான் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகின்றன. ஒரு ராக் பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த சோல் பாட்டாக மாறுவதைக் காதாலேயே பார்க்கலாம்.

அந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? பில்லி பிரெஸ்டன். சிறுவயதிலிருந்தே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர், பீட்டில்ஸுடனும் வாசித்தவர். அவரோடு ஜாகர் லாஸ் ஏஞ்சலீஸில் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார். 1972 ஜனவரியில் அதே ஊரில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் இரண்டு இரவு காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்திப் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். அதைப் படம்பிடித்த காட்சிகளில் பின்வரிசையில் ஜாகரும் டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸும் நிற்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்த அன்று இரவே 'ஷைன் எ லைட்' பாட்டை நாலு தடவை கேட்டேன். பியானோ, ஆர்கன் இரண்டும் பிரெஸ்டன்தான். டிரம்ஸ் வாட்ஸ் இல்லை, தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். இந்தப் பாட்டின் முதல் வடிவம் குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸை மனதில் வைத்து எழுதியது. அவர் போதையில் நொறுங்கி, 1969 ஜூலையில் 27 வயதில் இறந்துபோனார். அழிந்துகொண்டிருக்கும் நண்பனைத் திட்டாமல் அவனுக்காக வேண்டிக்கொள்ளும் பாட்டு இது. எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்த வாரத்தில் வேறு எதையும் கேட்க முடியாமல் இதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் 'லெட் இட் லூஸ்'. சின்ன வயதில் டேபிள் ஃபேன் முன்னால் முகத்தை வைத்து 'ஆ' என்று கத்தியிருப்பீர்கள், குரல் துண்டு துண்டாக நடுங்கித் திரும்ப வரும். இந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் கிதார் அப்படித்தான் ஒலிக்கிறது. ஆர்கனுக்கான சுழலும் ஸ்பீக்கர் வழியாகக் கிதாரை விட்டிருக்கிறார்கள். அந்த நடுக்கத்தின் மேல் ஜாகர் ஏறக்குறைய கெஞ்சுகிறார். அப்புறம் பாபி கீஸின் சாக்ஸும் ஜிம் பிரைஸின் டிரம்பெட்டும் மெதுவாக எழும்பி வரும், அதற்குப் பின்னால் குரல்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. சத்தத்தைக் கூட்டாமல் வைத்துக் கேட்டாலே போதும்.

இதைக் கேட்கும் விதத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது முதலில் இரண்டு இசைத்தட்டாக வந்த ஆல்பம், நாலு பக்கம். சிடியில் 67 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்டதால்தான் நான் திணறியிருக்கிறேன். 2014-ல் டர்ன்டேபிள் வாங்கியதும் ஆன்லைனில் இந்தத் தட்டை வாங்கினேன். முதலில் வந்தது அப்பளம் மாதிரி வளைந்திருந்தது, ஊசி ஏறி இறங்கியது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்க மூன்று வாரம் ஆனது. நல்ல தட்டு வந்த பிறகுதான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குணம் இருப்பது புரிந்தது. முதல் பக்கம் ஓட்டம். இரண்டாவது, திண்ணையில் உட்கார்ந்து பாடுவது போல: 'ஸ்வீட் வர்ஜினியா', நிக்கி ஹாப்கின்ஸின் பியானோவோடு தொடங்கும் 'லவிங் கப்'. மூன்றாம் பக்கம் கீத் பாடும் 'ஹேப்பி'யில் துள்ளலாகத் தொடங்கி 'லெட் இட் லூஸ்'ஸில் முடிகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். சிடியோ போனோ வைத்திருப்பவர்களும் அந்த இடங்களில் நிறுத்திக் கேளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. 'கசினோ பூகி' இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என் மனதில் ஒட்டவில்லை. 'ஷைன் எ லைட்' முடிந்த கையோடு 'சோல் சர்வைவர்' வருவது எனக்கு இன்னும் உறுத்துகிறது, அது நல்ல பாட்டாக இருந்தும். 2010-ல் 10 கூடுதல் பாட்டுகளோடு மறுபதிப்பு வந்தது. அவற்றில் சிலவற்றுக்கு ஜாகர் பல வருடம் கழித்துப் புதிதாகக் குரல் கொடுத்திருக்கிறார். குரல் தெளிவாக முன்னால் நிற்கிறது. முதல் இரண்டு மாதம் நான் ஏங்கியது இதற்குத்தான். மூன்று தடவை கேட்டு உள்ளே வைத்துவிட்டேன்.

என் தட்டில் மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பள்ளங்களில் இப்போது லேசாகப் பொரிகிற சத்தம் கேட்கிறது. ஊசி அதிகம் போன இடம் அது. இன்னொரு பிரதிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.